சின்னக் குளியலறைக்கு ஒரு வாசனை மெழுகுதிரி

"கரண்ட் இருக்கே மனே, பிறகென்னத்துக்கு மெழுகுதிரி?"

நான் முதல்தடவை குளியலறைக்குள் மெழுகுதிரி கொளுத்தி வைத்தபோது அம்மம்மா கேட்டது இது. நியாயமான கேள்விதான். மட்டக்களப்பில் வளர்ந்த எங்களுக்கு மெழுகுதிரி என்றால் மாதா கோயில், இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2ஆம் தேதி சேமக்காலை, இல்லாவிட்டால் கரண்ட் போன இரவு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது மெழுகுதிரி வெளிச்சத்தில் சமைத்து, சாப்பிட்டு, குளித்து அலுத்தே போனோம். அப்படிப்பட்ட சாமானைக் காசு கொடுத்து வாங்கி, கரண்ட் இருக்கும்போதே லைட்டை அணைத்துவிட்டுக் கொளுத்தினால் அம்மம்மாவுக்கு எப்படி விளங்கும்?

ஆனால் அம்மம்மா குளித்த காலம் வேறு. கிணற்றடி, தென்னை நிழல், பக்கத்தில் செவ்வரத்தை, வாவிப் பக்கமிருந்து வரும் காற்று. அங்கே ஆறுதலைத் தனியாக வாங்கத் தேவையிருக்கவில்லை. நாங்கள் இப்போது குளிப்பது ஐந்தடிக்கு ஏழடி டைல்ஸ் அறையில். மேலே ஒரு டியூப் லைட், ஒரு சின்ன வென்டிலேட்டர், அவ்வளவுதான். கச்சான் காற்று அனலாய் அடிக்கும் ஆடி மாதத்தில், வேலை முடித்துக் கல்லடிப் பாலத்தைக் கடந்து புழுதியோடு வீடு வந்து சேரும்போது, அந்த அறையில் கழியும் பத்து நிமிடமாவது அமைதியாக இருக்கட்டும் என்று ஆசைப்படுவதில் பிழையில்லை.

என் முதல் வாசனை மெழுகுதிரியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவிலிருந்து வந்த மச்சாள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். மூன்று திரி போட்ட பெரிய கண்ணாடிச் சாடி; வனிலாவும் கறுவாவும் கலந்த மணம். கொளுத்திக் கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க வட்டிலப்பம் அவித்த வாசம். குளிக்கப் போனவனுக்குப் பசி வந்தது, பிறகு தலையிடி வந்தது, துடைத்துவிட்டு வெளியே வந்தும் வியர்வை நிற்கவில்லை. சாடியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பனி கொட்டும் ஊரில் பெரிய ஹோலுக்கென்று செய்தது அது. அதைக் கொண்டுவந்து கல்லடியில் ஒரு பெட்டி மாதிரி அறைக்குள் வைத்தது என் பிழை.

அதன்பிறகுதான் இது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். விளங்கிக்கொள்ள வேண்டியது ஒரு விஷயம்தான்: மெழுகுதிரியின் மணம் பெரும்பாலும் சுடரிலிருந்து வருவதில்லை. சுடரைச் சுற்றி உருகி நிற்கிறதே ஒரு சின்ன மெழுகுக் குளம், அதிலிருந்து வருகிறது. சுடரின் சூட்டில் மெழுகு உருகும். உருகியது, குத்துவிளக்கில் எண்ணெய் ஏறுவதுபோலத் திரி வழியே ஏறி, நுனியில் ஆவியாகி எரியும். அப்படி எரிந்துபோன பங்கில் இருந்த வாசனை எண்ணெயும் கூடவே எரிந்துவிடும். திரியில் ஏறாமல் குளமாக நிற்கும் மெழுகின் மேற்பரப்பிலிருந்து எழும் வாசனைதான் மூக்குக்கு வந்து சேர்கிறது. சாம்பிராணி போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் போட்டால் கருகிப் புகை வரும். தணலில் தூவினால்தான் மணக்கும்.

ஆகவே குளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு மணம். சாடியின் அளவு, திரியின் எண்ணிக்கை, எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கைத்தான் சுற்றி வருகின்றன.

எங்கள் ஊர்க் குளியலுக்கும் கடைச் சாடிகளுக்கும் இருக்கும் பொருத்தமின்மையும் இங்கேதான். சாடியின் குறுக்களவில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மணித்தியாலம் எரிந்தால்தான் மேற்பரப்பு ஓரம்வரை உருகும் என்பது மெழுகுதிரி செய்கிறவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. மூன்று அங்குலச் சாடி என்றால் மூன்று மணித்தியாலம். தொட்டியில் படுத்து ஒரு மணித்தியாலம் ஊறுகிறவர்களுக்கே அந்த நேரம் காணாது. வாளியில் அள்ளி ஊற்றிக் கால் மணித்தியாலத்தில் முடிக்கிற எங்களுக்கு எப்படிச் சரிவரும்? சரி, பாதியில் அணைத்தால் என்ன என்றால், அதற்கும் ஒரு தண்டனை உண்டு. முதல்நாள் எந்த அளவுக்கு உருகியதோ அந்த வட்டத்துக்குள்ளேயே அடுத்தடுத்த நாட்களும் உருகி, நடுவில் கிணறு வெட்டியதுபோலத் திரி கீழே போய்விடும். சுற்றிவர மெழுகு அப்படியே சுவராக நிற்கும். காசும் வாசனையும் அந்தச் சுவருக்குள்தான்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது டீ லைட். சின்ன அலுமினியக் கிண்ணத்தில் வருமே, அதுதான். குறுக்களவு 38 மில்லிமீற்றர் அளவு, உள்ளே இருப்பது 12 முதல் 15 கிராம் மெழுகு. சின்னதாக இருப்பதால் கிண்ணம் முழுவதும் சீக்கிரமே உருகிவிடும். எண்ணெய் தேய்க்கத் தொடங்கும்போது கொளுத்தினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்துக்கு மணம் தயார். ஏறத்தாழ நாலு மணித்தியாலம் எரியும் என்பதால் ஒன்றை ஒரே நாளில் முடிக்கவும் தேவையில்லை. ஐந்துக்கு ஏழு அறையை ஒன்பதடி உயரத்தோடு பெருக்கினால் 315 கன அடி. அவ்வளவு சின்ன இடத்துக்கு அந்தக் கிண்ணமே தாராளம். எல்லா டீ லைட்டிலும் வாசனை இருக்காது என்பதை மட்டும் கடையில் பார்த்து வாங்குங்கள்.

சூட்டையும் யோசிக்க வேண்டும். வழக்கமான ஒரு மெழுகுதிரிச் சுடர் ஏறத்தாழ 80 வாட் வெப்பம் தரும். சும்மா இருக்கும் ஒரு மனித உடம்பு 100 வாட் அளவு. மூன்று திரிச் சாடியைக் கொளுத்திவிட்டுக் குளிப்பது, இரண்டு பேரைக் கூடவே அறைக்குள் நிறுத்தி வைத்துக்கொண்டு குளிப்பதற்குச் சமம். நான் வியர்த்ததில் என்ன அதிசயம்!

மெழுகு வகையைப் பற்றிப் பெரிய சண்டையே நடக்கிறது. நான் அதில் அதிக நேரம் போக்குவதில்லை. பாரஃபின் பெற்றோலியத்திலிருந்து வருகிறது; மலிவு, மணத்தை நன்றாக விடும். சோயா மெழுகு சோயா எண்ணெயை இறுகச் செய்து எடுப்பது; மெதுவாக எரியும், மணம் மென்மை. மேலே வெள்ளையாகப் பூத்ததுபோல் படிந்தாலும் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். தேன்மெழுகு விலை கூட. அதற்கென்று ஒரு தேன் வாசம் இருப்பதால் வேறு மணம் சேர்க்காமலே அழகு. தேங்காய் மெழுகு என்று எழுதியிருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும், எங்கள் ஊரில் போத்தலுக்குள் அது உறைந்து நிற்கும் நாளே அபூர்வம். ஆகவே அது வெறும் தேங்காய் எண்ணெயாக இருக்க முடியாது. இறுக வைத்தோ வேறு மெழுகு கலந்தோதான் செய்திருப்பார்கள். அதில் தப்பில்லை, லேபலில் இருக்கும் தென்னை மரப் படத்துக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பாரஃபின் என்றாலே கரும்புகை என்று சொல்கிறார்களே, மெழுகின் வகையைவிடத் திரியின் நீளமும் காற்று வீச்சும்தான் புகைக்குப் பெரிய காரணம். திரியை ஒவ்வொரு முறையும் 5 அல்லது 6 மில்லிமீற்றருக்கு வெட்டிவிட்டு, வென்டிலேட்டர் காற்று நேரே படாத இடத்தில் வைத்தால் டைல்ஸ் கறுக்காது.

திரியில் ஒன்று கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் திரி நிமிர்ந்து நிற்பதற்காக நடுவில் ஈயக் கம்பி வைப்பார்கள். எரியும்போது ஈயம் காற்றில் கலக்கும் என்பதால் அமெரிக்காவில் 2003இல் அதைத் தடை செய்தார்கள். இன்று வருபவற்றில் பெரும்பாலும் பருத்தித் திரிதான். பேரில்லாத மலிவுச் சாடியில் திரிக்கு நடுவே உலோகக் கம்பி தெரிந்தால், கொளுத்துவதற்கு முன் அந்தக் கம்பியை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடுபோலச் சாம்பல் நிறம் விழுந்தால் குப்பையில் போடுங்கள்.

இனி மணம். எந்த வாசனை மனதை ஆற்றும் என்று தேடினால் எல்லோரும் லவண்டர் என்பார்கள். ஆளுக்காள் மாறுகிற விஷயம் இது. மூக்கிலிருந்து போகும் செய்தி, மற்றப் புலன்களைப்போல மூளையின் இடைநிலையம் ஒன்றில் நின்று போகாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேரே போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஒரு வாசம் வந்தவுடன் பேரை நினைப்பதற்கு முன்பே அழுகையோ சிரிப்போ வந்துவிடுகிறது. லவண்டர் தோட்டத்தைக் கண்ணாலும் காணாத ஒருவருக்கு அது ஏதோ பவுடர் வாசம், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் எங்களை ஆற்றும் மணங்கள் எவை? வைகாசியில் கண்ணகியம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது வரும் வேப்பிலையும் கமுகம்பூவும். முழுகிவிட்டு வந்த தலைக்குப் பிடித்த சாம்பிராணி. பின்னேரம் வாசலில் விரியும் மல்லிகை. காத்தான்குடிச் சிநேகிதன் வீட்டில் பெருநாளன்று கைகொடுத்தால் என் கையிலும் ஒட்டிக்கொள்ளும் அத்தர்.

ஒரு வேடிக்கை. லவண்டருக்கு அந்த மென்மையான மணத்தைத் தருவதில் லினலூல் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே லினலூல்தான் எங்கள் கொத்தமல்லி விதையின் எண்ணெயிலும் முக்கியமான பொருள், மல்லிகையிலும் இருக்கிறது. காய்ச்சலுக்கு அம்மம்மா அவித்துத் தரும் கொத்தமல்லித் தண்ணியின் ஆவியில் முகத்தைப் பிடித்தால் வரும் சுகமும், வெளிநாட்டில் லவண்டர் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் ஒருவர் தேடும் சுகமும் ஏதோ ஒரு வழியில் சொந்தக்காரர்கள்.

வாசனையில் அடுக்குகள் உண்டு என்பதை அத்தர் வாங்கிப் பழகியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தேசிக்காய், தோடம்பழம் மாதிரியானவை முதலில் எழுந்து முதலில் ஓடிவிடும். மல்லிகை, ரோஜா போன்ற பூக்கள் நடுவில் நிற்கும். சந்தனம், வெட்டிவேர், ஊது என்கிற அகில் எல்லாம் கடைசிவரை தங்கும். சின்ன அறைக்குப் பூ மணமோ வேர் மணமோ போதும் என்பது என் ருசி. கச்சான் காலத்துக்கு வெட்டிவேர். தண்ணீர்ப் பானையில் போட்டு வைத்த நினைவோ என்னவோ, மணந்தவுடனே உடம்பு குளிர்ந்ததுபோல இருக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் சுவரெல்லாம் ஈரம் ஊறி நிற்கும்போது சந்தனமோ கொஞ்சம் கராம்போ நல்லது. தேசிக்காய் மணத்தை நான் தவிர்ப்பேன்: பாத்திரம் கழுவுகிற நினைப்பு வரும். யூகலிப்டஸ் கொளுத்தினால் தலையிடிக்குப் பூசும் பாம் போத்தலைத் திறந்து வைத்ததுபோல இருக்கும். உங்களுக்கு அதுவே பிடித்தமாக இருக்கலாம், அப்படியானால் தயங்க வேண்டாம். சிட்ரொனெல்லா மெழுகுதிரியை நுளம்புக்கென்று வாங்குவோரும் உண்டு. அதை நம்பி நுளம்பு வலையைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். அது அவ்வளவு பலமானதல்ல.

பலர் மறந்துவிடும் ஒன்று சவர்க்காரம். குளியலறையில் மெழுகுதிரி தனியாக மணப்பதில்லை. சந்தனச் சவர்க்காரம், தலைக்கு வைத்த எண்ணெய், ஷாம்பு, துணியில் போட்ட கம்ஃபர்ட், இவ்வளவுக்கும் நடுவில்தான் அது மணக்க வேண்டும். ராணி சந்தனம் போட்டுக் குளிக்கிறவர் ஸ்ட்ரோபெரி மெழுகுதிரி கொளுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். சவர்க்காரம் எந்தக் குடும்பமோ மெழுகுதிரியும் அதே குடும்பமாக இருக்கட்டும்.

கடையில் முகர்ந்து பார்க்கும்போது மெழுகில் மூக்கை வைக்காமல் மூடியின் உட்பக்கத்தை முகருங்கள். மூடிக்குள் தேங்கிய மணம் அறைக்குள் பரவிய மணத்துக்குக் கொஞ்சம் கிட்ட வரும். ஒரே தடவையில் மூன்றுக்கு மேல் வேண்டாம்; மூக்கு களைத்துவிடும். களைத்தால் உங்கள் சட்டைக் கையையே முகர்ந்துவிட்டுத் தொடருங்கள். வீட்டிலும் இதே கதைதான். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகி, மணம் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். நின்றிருக்காது. வெளியிலிருந்து வருகிறவரைக் கேட்டால் தெரியும். மணக்கவில்லை என்று நினைத்து இன்னும் கடுமையானதை வாங்குவதுதான் தொடங்குகிறவர்கள் விடும் பெரிய பிழை, தலையிடியில் முடியும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வாசனையில்லாத மெழுகுதிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால் ஆறுதலில் பாதி வெளிச்சத்தால் வருவது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். கடையில் விற்கும் வெள்ளை எல்இடி குமிழ்கள் பெரும்பாலும் 6500 கெல்வின், உச்சி வேளை வெளிச்சம். மெழுகுதிரிச் சுடர் 1900 கெல்வின் அளவு, பொழுதுபடும் நேரத்து மஞ்சள். வெள்ளை டைல்ஸ் அதை வாங்கிச் சுற்றிவரத் திருப்பித் தருவதால் ஒரு சுடரே அறைக்குப் போதும். டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு மெழுகுதிரி கொளுத்துவதில் பாதிச் சுகம் வீண்.

கெட்ட வாடையை மூடுவதற்கென்று மெழுகுதிரி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடாது. மல்லிகையும் வடிகால் வாடையும் சேர்ந்தால் இரண்டையும்விட மோசமான மூன்றாவது ஒன்று பிறக்கும். தரையில் தண்ணீர் போகும் துவாரத்துக்குக் கீழே ஒரு வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். குழியிலிருந்து வரும் வாயுவை மறிப்பது அந்தத் தண்ணீர்தான். அதிகம் பாவிக்காத அறையில் அது காய்ந்து வாடை ஏறும். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் பல சமயம் போய்விடும். பிறகு வென்டிலேட்டரைத் திறந்து ஈரத்தைப் போகவிட்டு, அதற்கும் பிறகு மெழுகுதிரி.

எங்கே வைப்பது? வாளிக் குளியலில் தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்கும் என்பதால் இது சின்னக் கேள்வி இல்லை. சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சடாரென்று வெடிக்கலாம். எரியும் திரிக்குப் பக்கத்தில் துளி விழுந்தால் சூடான மெழுகு தெறிக்கலாம். யன்னல் கட்டோ, கதவுப் பக்கமிருக்கும் உயரமான தட்டோ நல்லது. டீ லைட்டின் கிண்ணம் அடியில் சுடும், ஆகவே பிளாஸ்டிக் தட்டில் நேரே வைக்காமல் ஒரு பீங்கான் சோசரில் வையுங்கள். துவாய், நைட்டி, சாரம் தொங்கும் கம்பிக்குக் கீழே வைக்கவே கூடாது. ஸ்ப்ரே டின், சனிடைசர் போத்தல் பக்கத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். மாரி தொடங்கும்போது வேறொரு தொல்லை: மழை விட்ட பின்னேரம் ஈசல் வெளிக்கிட்டால், ஒரு சுடருக்கு ஐம்பது வரும். அன்றைக்குக் குளத்தில் சிறகுகள்தான் மிதக்கும். யன்னலைச் சாத்துங்கள், இல்லை அன்று கொளுத்தாமல் விடுங்கள்.

அணைக்கும்போது ஊதாதீர்கள். ஊதினால் எழும் வெள்ளைப் புகை, எரியாமல் ஆவியாகிப் போகும் மெழுகு. அவ்வளவு நேரம் சேர்த்த மணத்தை அது ஒரு நொடியில் கெடுத்துவிடும். சாடியென்றால் மூடியைப் போட்டு மூடுங்கள். டீ லைட்டில், ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகுக்குள் அமிழ்த்தி உடனே நிமிர்த்துங்கள். புகை வராது, திரியிலும் மெழுகு ஊறி அடுத்த தடவை சுலபமாகப் பிடிக்கும். பெரிய சாடி வைத்திருப்பவர்கள் ஒரே மூச்சில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் எரியவிடக் கூடாது. அடியில் ஒரு சென்றிமீற்றர் மெழுகு மிஞ்சும்போது அதோடு விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிக் கண்ணாடி சூடேறி வெடிக்கலாம்.

வாங்கிக்கொண்டு வரும் வழியிலும் கவனம். சாடிகளில் ஊற்றும் சோயா மெழுகு 50 பாகை அளவில் உருகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலும் வைக்காதீர்கள். வீட்டில் இருட்டான அலுமாரியில், மூடியோடு. மேலே எண்ணெய்த் துளி வியர்த்திருந்தால் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் சரி.

கடைசியாக ஒன்று, குளிர் நாட்டுக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி. எங்கள் ஊர்ச் சூட்டில் கொளுத்தாமலேயே மெழுகுதிரி மணக்கும். 32, 33 பாகை நாட்களில் சாடியின் மூடியை மட்டும் திறந்து அரை மணித்தியாலம் குளியலறையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் பாருங்கள். மெல்லிய மணம் நிற்கும். சூடும் இல்லை, புகையும் இல்லை. கச்சான் காலத்தில் பாதி நாள் நான் இப்படித்தான் செய்கிறேன். அம்மம்மாவுக்கு இது இன்னும் விளங்கவில்லை. "கொளுத்தவும் மாட்டாய், மறுகா என்னத்துக்கு மனே வாங்கினது?"

மச்சாள் தந்த அந்தப் பெரிய சாடியை ஹோலில் வைத்து, விருந்தாளிகள் வந்த நாட்களில் கொளுத்தி முடித்தேன். அடியில் ஒட்டியிருந்ததை வெந்நீர் ஊற்றி இளக்கி எடுத்து, கழுவிக் காயவைத்தேன். இப்போது அது குசினியில் அம்மம்மாவின் சொத்து. மழை நாளில் நெருப்புப் பெட்டி நமுத்துப் போகாமல் வைக்க அதைவிட நல்ல மூடி போட்ட சாமான் வீட்டில் இல்லையாம்.